ஏழாவது முள்

என் அத்தான் காலையில் எழுந்ததும் செய்கிற முதல் வேலை, வெறுங்காலோடு வீட்டை அளப்பது. படுக்கையறையில் ஆரம்பிப்பார். சுவரை ஒட்டி ஒரு நடை, ஒரு பாதம் தள்ளித் திரும்பி இன்னொரு நடை. கட்டிலுக்கு அடியில் கால் போகாத இடத்தை மண்டியிட்டு உள்ளங்கையால் தடவுவார். அப்புறம் கூடம், சமையலறை, குளியலறை வாசல். முக்கால் மணி நேரம் ஆகும். அது முடிந்த பிறகுதான் பல் துலக்குவது, தண்ணீர் குடிப்பது எல்லாம். மூன்று வருடத்தில் ஒரு நாள் தவறியதில்லை. காய்ச்சலில் கிடந்த வாரம்கூட, நான் கத்தக் கத்தக் கேட்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

அவர் தேடுவது ஒரு முள்ளை. மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, சுற்றிலும் ஊசி நீட்டிக்கொண்டு நிற்கும் ஒட்டுமுள். ஒரு புல்லின் காய் அது. முளைக்கும்போது அந்தப் புல் பரம சாதுவாக இருக்கும். கதிர் விட்ட பிறகுதான் தன் புத்தியைக் காட்டும்.

அந்த முள் ஒன்றுதான் என் அக்காவின் உயிரை எடுத்தது. அதை வீட்டுக்குள் கொண்டுவந்தது தான்தான் என்று அத்தான் நம்புகிறார். அவர் இல்லை, நான். மூன்று வருடமாக இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே காலத்தை ஓட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன், அவருடைய பேத்தி தவழ ஆரம்பிக்கும் வரைக்கும்.

அத்தான் விளையாட்டு மைதானத்தில் வேலை பார்த்தவர். முதலில் வாட்ச்மேனாகத்தான் சேர்ந்தார். புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வேலையை விட்டுப் போனதும், உருளையும் வெட்டும் இயந்திரமும் இவர் கைக்கு வந்தன. இருபத்தாறு வருடம் அந்தப் புல்லோடுதான் குடித்தனம். தண்ணீர் விடுவது, வெட்டுவது, மேடு பள்ளம் நிரப்புவது, சுண்ணாம்புப் பொடியில் கோடு போடுவது. கோடு எள்ளளவு கோணினாலும் அழித்துவிட்டு முதலிலிருந்து போடுவார். விளையாட வருகிறவர்கள் அவரைப் "பச்சை" என்று கூப்பிட்டார்கள். மழை பெய்த மறுநாள் யாரையும் உள்ளே விடமாட்டார். "வெளையாட்டு மைதானத்துல புல்லை மிதிக்காதேன்னு சொல்ற ஒரே மனுஷன் எங்க வீட்டுக்காரர்தான்" என்று அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அக்காவுக்கு முப்பத்தைந்து வயதில் சர்க்கரை வந்தது. பத்து வருடத்தில் கால் இரண்டும் மரத்துப்போயின. கொதிக்கிற தண்ணீர் பாதத்தில் கொட்டினால், கொட்டியதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். "என் காலு ரெண்டும் எனக்குச் சொல்லாமலே லீவு போட்டுடுச்சுடி" என்பாள். வீட்டுக்குள்ளும் சாக்ஸும் செருப்பும் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். செருப்பில் ஒன்று வழியில் கழன்று விழுந்தாலும் அவளுக்குத் தெரியாது. ஒற்றைச் செருப்போடு சரக், சரக் என்று நடந்து வருவாள். "செருப்பு ஒண்ணு கழண்டுடுச்சு, எடுத்துக் குடு" என்று அத்தான் இருந்த இடத்திலிருந்தே என்னிடம் சொல்வார்.

தினமும் சாயங்காலம் அவளைக் கட்டிலில் உட்காரவைத்து, பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, டார்ச் அடித்து விரல் இடுக்கு வரைக்கும் பார்ப்பார். அவளுக்குக் கூச்சமாக இருக்கும். "கோடு போட்டுடாதீங்க" என்பாள். மைதானத்தைக்கூட அவர் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

அந்தப் புல் மணலில் வந்தது. கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் விழுந்திருந்த பள்ளத்தை நிரப்ப, கிளப் செயலாளர் எங்கிருந்தோ இரண்டு லோடு மணல் இறக்கினார். அடுத்த மழையில் அந்த இடத்தில் புதிதாக ஒரு புல் தலைகாட்டியது. பச்சையாக இருந்தால் அத்தானுக்குப் போதுமே, விட்டுவிட்டார். கதிர் விட்டதும்தான் அது என்னவென்று அவருக்குப் புரிந்தது. வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும். அதற்கு இரண்டு வாரமாவது வேண்டும். ஒரு பெரிய ஆட்டம் அடுத்த வாரம் வருகிறது, சும்மா வெட்டி விடுங்கள் என்று செயலாளர் தலைமேல் நின்றார். அத்தான் இயந்திரத்தை ஓட்டினார். இருபத்தாறு வருடத்தில் அவர் செய்த ஒரே முட்டாள்தனம் அது. ஒரு மூலையில் கிடந்த முள்ளை அந்த இயந்திரம் அள்ளிக்கொண்டுபோய் மைதானம் முழுக்க ஒரே சீராக விதைத்துவிட்டது.

மறு வருடம் வந்தது வினை. விழுந்து பந்தைப் பிடித்த கோல்கீப்பருக்கு உள்ளங்கையில் ஏறிய ஊசி முறிந்து உள்ளேயே தங்கி, கை புடைத்துச் சீழ் கட்டி, கத்தி வைக்க வேண்டியதாகிவிட்டது. ஆட்டம் பார்க்க வந்த ஒருத்தியின் இரண்டு வயதுப் பெண் கீழே கிடந்ததை வாயில் போட்டுக்கொண்டது. அது தொண்டையில் மாட்டி, துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல், குழந்தை இரத்தமாக இருமியது. நல்லவேளையாக ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். அன்று அத்தான் வீட்டில் ஒரு வாய் சாப்பிடவில்லை.

"ஒரு முள்ளுக்குள்ள ரெண்டு வெதை இருக்கும். ஒண்ணு இந்த வருஷம் மொளைக்கும். இன்னொண்ணு சும்மா கெடக்கும். எல்லாத்தையும் புடுங்கிட்டோம்னு நீ நிம்மதியா இருக்கும்போது அது மொளைக்கும்" என்று அவர் ஒருநாள் சொன்னார். அக்கா அவரைக் கேலி செய்யவில்லை.

அதிலிருந்து பின்வாசலில் ஒரு சடங்கே நடக்கும். ஷூவைக் கழற்றி வெளியில் வைப்பார். சாக்ஸை உள்வெளியாகத் திருப்புவார். பேண்ட் மடிப்பைப் பிரித்து, பேன் சீப்பால் வாரி, வந்ததையெல்லாம் தண்ணீர் ஊற்றிய டப்பாவில் போடுவார். எனக்கும் ஒரு சட்டம் இருந்தது. என் தையல் கடை மைதானத்துக்கு அந்தப் பக்கம், அக்கா வீடு இந்தப் பக்கம். நடுவில் வந்தால் ஐந்து நிமிடம், ரோட்டில் சுற்றினால் கால் மணி. "டெய்லரம்மா, ரோட்டுல சுத்தி வா. பத்து நிமிஷத்துல உசுரு போயிடாது" என்பார். நான் சரி என்று தலையாட்டிவிட்டு, அவர் இல்லாத நேரத்தில் நடுவிலேயே வருவேன். யாருக்கும் அடங்காத ஆள் என்று எனக்கு என்னைப் பற்றி ஒரு பெருமை.

அந்த நாள் ஒரு புதன்கிழமை. மைதானத்தில் வாரம் முழுக்கப் போட்டி. அத்தான் விடிவதற்கு முன் போய் இருட்டிய பிறகு திரும்பி, அப்படியே சுருண்டு படுத்துக்கொண்டிருந்தார். நான் நடுவில் நடந்து வந்து, அக்கா கட்டிலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டே, பாவாடை விளிம்பில் ஒட்டியிருந்த முள்ளைப் பிடுங்கி ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்தேன். எண்ணியே வைத்தேன். தையல்காரிக்கு அது கைப்பழக்கம். ஒரு துணியில் பன்னிரண்டு குண்டூசி குத்தினால் பன்னிரண்டும் டப்பாவுக்குத் திரும்ப வேண்டும். ஒன்று குறைந்தாலும் தேடி எடுக்காமல் துணியைக் கொடுக்க மாட்டேன். யாரோ ஒருவர் முதுகில் அது குத்தும் அல்லவா. முப்பது வருடத்தில் ஒரு குண்டூசியைக்கூட நான் தவறவிட்டதில்லை.

முள் ஏழு இருந்தது.

பேச்சின் நடுவில் எழுந்து போன அக்கா, சமையலறையிலிருந்து பாத்திரம் இறக்கக் கூப்பிட்டாள். இறக்கிவிட்டுத் திரும்பி வந்தேன். காற்றுக்குத் திரைச்சீலை ஆடிக்கொண்டிருந்தது. ஜன்னல் விளிம்பில் ஆறு இருந்தது. ஏழாவது இல்லை என்று எனக்குத் தெரிந்தது. சாயங்காலத்துக்குள் ஒரு டஜன் சீருடை கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு முள்தானே, எங்கே போய்விடும் என்று நினைத்தேன். குனிந்துகூடப் பார்க்கவில்லை. ஆறையும் காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய் வெளியே போட்டேன். எழுந்து போகும்போது கழன்ற அவளுடைய செருப்பு ஒன்று அந்த ஜன்னலுக்கு நேர் கீழே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனபோது, "சாக்ஸ் ஈரமா இருக்குடி, எங்கயாவது தண்ணியில மிதிச்சுட்டேனா, பாரு" என்றாள். கழற்றினேன். தண்ணீர் இல்லை. வாடை முகத்தில் அடித்தது. நாலு நாள் அந்த முள்ளின் மேல் நின்று சமைத்து, துவைத்து, நடமாடியிருக்கிறாள். பாதி செருப்பு ரப்பரிலும் பாதி அவள் பாதத்திலும் இருந்தது. அந்த நாலு நாளும் அத்தான் டார்ச்சை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஏழு வாரம். முதலில் ஒரு விரலை எடுத்தார்கள். அடுத்து பாதத்தில் பாதி. அதற்குள் விஷம் இரத்தத்தில் ஏறிவிட்டது. சேர்த்த முதல் நாள் டாக்டர் இடுக்கியால் எடுத்த முள்ளைத் தட்டில் போட்டு, "இது என்ன?" என்று கேட்டார். அத்தான் குனிந்து பார்த்தார். "எங்க கிரவுண்டு முள்ளு சார். என் பேண்ட்ல வந்திருக்கு" என்றார். நான் அவர் தோளை ஒட்டி நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்று என்னை நானே ஆயிரம் தடவை கேட்டாகிவிட்டது. எனக்கென்று குடும்பம் அமையவில்லை. அக்கா மகளைத் தூக்கி வளர்த்த கை இது. நல்லது கெட்டதுக்கு நான் போய் நிற்கிற ஒரே வாசல் அந்த வீட்டு வாசல்தான். அதை மூடிவிடுவார்களோ என்று பயந்தேன். பயந்து, என் பழியை எடுத்து இன்னொரு மனிதன் தலையில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்து அவருக்கு ஆறுதல் சொன்னேன். என்னைப் போல ஒரு கேடுகெட்டவளை நான் பார்த்ததில்லை.

அக்கா போன பிறகு அத்தான் ஒரு வருடம் அந்த மைதானத்தை விடவில்லை. தோல் கையுறையும் இடுக்கியுமாகத் தரையோடு தரையாக உட்கார்ந்து, ஒவ்வொரு செடியாகப் பிடுங்கி எரித்தார். கடைசிச் செடியை எரித்த அன்றைக்கே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். வீட்டுத் தரையில் இந்த நடை அக்கா போன மறுநாளே தொடங்கியிருந்தது.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. யாராவது அந்தக் கதையை எடுத்தால் எழுந்து போய்விடுவேன். ஆனால் நடந்ததைச் சொல்லித்தான் ஆக வேண்டும். போன வருடம் ஒரு பிற்பகல், மணி நாலு இருக்கும், நல்ல வெயில். அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பழைய திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். அத்தான் சமையலறையில் நறுக்கிய காயைக் கழுவிக்கொண்டிருந்தார். படுக்கையறைக்குள் சரக் என்று ஒரு சத்தம். கொஞ்சம் விட்டு மறுபடியும் சரக். ஒற்றைச் செருப்பு. என் கை ஊசியோடு நின்றுவிட்டது. அத்தான் திரும்பாமலே சொன்னார்.

"செருப்பு ஒண்ணு கழண்டுடுச்சு. எடுத்துக் குடு."

எழுந்து போய்ப் பார்த்தேன். கட்டில், மடித்த போர்வை, ஜன்னல். தரையில் ஒன்றுமில்லை. அந்தச் செருப்பை எரித்தே இரண்டு வருடம் ஆகியிருந்தது. திரும்பி வந்தபோது அத்தான் காயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "எடுத்துக் குடுத்தியா?" என்று கேட்டார். "குடுத்துட்டேன் அத்தான்" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

அதற்குப் பிறகும் அந்த நடை பலமுறை என் காதில் விழுந்தது. அத்தானுக்குப் பயமே இல்லை. அவருக்கு அது துணை. எனக்குத்தான் நாலு மணி ஆனால் அந்த வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அந்தச் சத்தம் எப்போதும் ஜன்னல் பக்கம் போய்த்தான் நிற்கும். அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். என் அக்கா உயிரோடு இருந்தவரை என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசாதவள். இப்போதும் பேசவில்லை, நடக்க மட்டும் செய்கிறாள்.

இந்த நிலையில்தான் அக்கா மகள் வந்து நின்றாள். அவள் குழந்தைக்குப் பத்து மாதம். கால் முளைத்த வாண்டு, இறக்கிவிட்டால் பிடிக்க முடியாது. இவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். பகலில் குழந்தையை அப்பாவிடம் விடலாம் என்று ஆசைப்பட்டாள். "இங்க வேண்டாம்மா" என்றார் அத்தான். சரி, நீங்கள் என் வீட்டுக்கு வாருங்கள் என்றாள். அதற்கும் மாட்டேன் என்றார். தன் துணியில் ஏதாவது ஒட்டிக்கொண்டு போய்விடுமாம். பேத்தி பிறந்ததிலிருந்து ஒருமுறைகூட அவர் அவளைத் தூக்கியதில்லை. தெருவில் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

"அப்பாவுக்கு நான்தான் வேண்டாதவளா போயிட்டேன் சித்தி" என்று மகள் என் கடையில் வந்து அழுதாள். அவள் கணவனுக்கு எட்டு மணி நேரப் பயணத் தூரத்தில் ஓர் ஊரில் வேலைக்கு அழைப்பு வந்திருந்தது. அங்கே மாமியார் வீடு பக்கம். "நாளைக்குக் கடைசியா ஒரு தடவை கேக்கப் போறேன். அவரு வேண்டாம்னா நாங்க போயிடறோம். அப்புறம் வருஷத்துக்கு ஒருமுறைகூட வருவேனான்னு தெரியாது."

அன்று நான் ஒரு தையல்கூடப் போடவில்லை. இவள் போய்விட்டால் அந்த மனிதர் அந்தத் தரையோடும் அந்தச் செருப்புச் சத்தத்தோடும் தனியாகக் கிடந்து சாவார். செய்யாத தப்புக்கு. நான் வாயைத் திறந்தால் ஒருவேளை அவருக்குப் பேத்தி கிடைப்பாள். ஆனால் அத்தான், மகள் இருவருமே எனக்கு இல்லாமல் போவார்கள்.

மறுநாள் அவளோடு நானும் போனேன். அத்தான் கதவைத் திறந்தார். குழந்தை அவரைப் பார்த்ததும் அம்மா இடுப்பிலிருந்து எம்பிக் கையை நீட்டியது. அவர் கதவு நிலையில் கையைக் குறுக்கே வைத்தார்.

"உள்ள வராதீங்க. தரையில இன்னும் எங்கயோ இருக்கு."

"அப்பா, மூணு வருஷம் ஆச்சு. எங்கப்பா இருக்கு?"

"உனக்குத் தெரியாதும்மா. நான் கொண்டுவந்தது. எத்தனை கொண்டுவந்தேன்னு எனக்கே தெரியல."

மகள் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டு படியிலிருந்து திரும்பினாள். எப்படிப் பேசினேன் என்று எனக்கே தெரியாது.

"அத்தான், அந்த முள்ளு உங்க பேண்ட்ல வரல. என் பாவாடையில வந்தது."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"அந்தப் புதன்கிழமை நான் கிரவுண்டு நடுவுல வந்தேன். அக்கா கட்டில்ல உக்காந்து முள்ளைப் புடுங்கி ஜன்னல்ல வெச்சேன். அதுலதான் ஒண்ணு செருப்புல விழுந்திருக்கு. நீங்க கொண்டுவரல."

அத்தான் முகம் அசையவில்லை. மைதானத்தில் எங்கோ ஒரு மூலையைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

"எத்தனை வெச்ச?"

எண்ணவில்லை என்று சொல்லிவிடலாம். தெரியாமல் நடந்த விபத்து என்று அதோடு முடிந்துவிடும். காலப்போக்கில் மன்னித்தும் விடுவார்கள். வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்த மனிதருக்கு என்னைத் தெரியும்.

"குண்டூசியையே எண்ணி வெக்கிறவ நீ" என்றார் மெதுவாக. "எத்தனை?"

"ஏழு."

"மிச்சம்?"

"ஆறையும் அள்ளிட்டுப் போயி வெளியில போட்டுட்டேன். வீட்டுக்குள்ள ஒண்ணுகூட இல்ல அத்தான். சத்தியமா இல்ல."

அவர் தரையைப் பார்த்தார். உதடு மட்டும் கணக்குப் போட்டது.

"அப்ப ஒண்ணு கொறையுதுன்னு உனக்கு அன்னைக்கே தெரியும்."

"தெரியும்."

"தேடல."

"தேடல அத்தான்."

"நான் மூணு வருஷமா தேடிட்டிருக்கேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

நிலையிலிருந்த கையை எடுத்தார். இரண்டு கையையும் மகள் பக்கம் நீட்டினார். அவள் குழந்தையைக் கொடுத்தாள். அது அவர் காதைப் பிடித்து இழுத்தது. அவர் அப்படியே திரும்பி உள்ளே நடந்தார். மகள் ஒரு நிமிடம் என் முன்னால் நின்றாள். "சித்தி" என்றாள். அப்புறம் அவளும் உள்ளே போனாள்.

கூடத்துத் தரையில் குழந்தை உள்ளங்கையால் பட், பட் என்று அடித்துக்கொண்டு ஓடுகிற சத்தம் கேட்டது. அதன் பின்னாலேயே அத்தான் விம்மி அழுகிற சத்தமும் கேட்டது. அக்காவை எடுத்துக்கொண்டு போன அன்றுகூட அவர் அழவில்லை.

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. வரட்டுமா என்று நானும் கேட்கவில்லை.